இழுவை வண்டி இல்லாமல் படகு டிரெய்லரை நகர்த்துதல்: ஒரு நிகழ்வு ஆய்வு

நாலரை மீட்டர் ஃபைபர் படகு, பின்னால் 25 குதிரைத்திறன் அவுட்போர்டு எஞ்சின், அடியில் பிரேக் இல்லாத ஒற்றை அச்சு டிரெய்லர். பல மாதங்களாகப் பின்முற்றத்தில் தார்ப்பாய்க்கு அடியில் நின்றது. அதை முன்வாசல் கேட்டைத் தாண்டிக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். இழுக்க வண்டி இல்லை. இருந்திருந்தாலும் பின்முற்றத்துக்குள் அது வர வழியில்லை.

வழி இப்படி: முதலில் 12 மீட்டர் புல்தரை, 2% ஏற்றம். அது முடிகிற இடத்தில் கான்கிரீட் தளத்தின் விளிம்பு மண்ணைவிட 30 மில்லிமீட்டர் உயரம். அங்கிருந்து 9 மீட்டர் நீளத்துக்கு 8% ஏற்றம். மேலே சமதளம், அதில் செங்கோணத்தில் ஒரு திருப்பம், பிறகு 2.3 மீட்டர் அகலக் கேட். டிரெய்லரின் அகலம் 1.75 மீட்டர்.

முதல் முயற்சியில் மூன்று பேர் வெறும் கையால் தள்ளினார்கள். நின்ற இடத்திலிருந்து கிளம்பவே பெரும்பாடு. புல்லைத் தாண்டியதும் கான்கிரீட் விளிம்பில் சக்கரம் முட்டி நின்றது. கொஞ்சம் பின்னால் போய் வேகமெடுத்து ஏற்றிவிடலாம் என்று மோதியதில் ஜாக்கி சக்கரத்தின் (டிரெய்லரின் முன்தண்டைத் தாங்கும் சிறிய சக்கரம்) தண்டு வளைந்தது. அத்தோடு நிறுத்தி, டிரெய்லரைப் பழைய இடத்துக்கே கொண்டுபோனார்கள். நல்லவேளை, அந்த விளிம்பைத் தாண்டவில்லை. தாண்டியிருந்தால் ஏற்றத்தில் என்ன ஆகியிருக்கும் என்பதைக் கீழே கணக்கோடு பார்க்கலாம்.

எடை எங்கே இருந்தது

படகின் உடல் 170 கிலோ, எஞ்சின் 60, டிரெய்லர் 145, நிரம்பிய பெட்ரோல் டேங்க் 22, பேட்டரி 20, நங்கூரமும் சங்கிலியும் 15, மற்ற சாமான்கள் 18. கூட்டினால் 450 கிலோ. முன்தண்டு தரையை அழுத்தும் எடையை, அதாவது முன்பாரத்தை, குளியலறைத் தராசில் ஒரு மரக்கட்டையை நிறுத்தி, அதன்மேல் கப்ளரை, அதாவது வண்டியின் கொக்கிக் குண்டில் மாட்டும் முனையை, இறக்கிப் பார்க்கலாம். கப்ளர் வழக்கமாகக் கொக்கியில் மாட்டும் உயரத்திலேயே இருக்க வேண்டும். படகு டிரெய்லருக்கு மொத்த எடையில் 5 முதல் 10% முன்பாரம் இருப்பது நல்லது. இந்த டிரெய்லருக்கு அது 35 கிலோ வர வேண்டும்.

வந்ததோ 11 கிலோதான். தூக்க லேசாக இருக்கிறது என்று முதல் முயற்சியில் எல்லோருக்கும் சந்தோஷம். உண்மையில் இந்த வேலையிலேயே மிக ஆபத்தான அறிகுறி அதுதான். தார்ப்பாய் வழியாக இறங்கிய மழைநீர், சுமார் 60 லிட்டர், படகின் பின்பகுதியில் தேங்கிக் கிடந்தது. அச்சுக்கு 1.3 மீட்டர் பின்னால் 60 கிலோ. கப்ளரிலிருந்து அச்சு 3.2 மீட்டர். 60 × 1.3 ÷ 3.2 போட்டால் 24 கிலோ முன்பாரம் காணாமல் போன கணக்கு சரியாக வருகிறது.

இந்த நிலையில் ஏற்றத்தில் ஏறியிருந்தால்? மொத்தம் 510 கிலோ, முன்பாரம் 11 என்றால் எடையின் மையம் அச்சுக்கு வெறும் 7 சென்டிமீட்டர் முன்னால் இருக்கிறது. அந்த மையம் அச்சுக்கு மேலே சுமார் 45 சென்டிமீட்டர் உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 8% சாய்வில் முன்பக்கம் உயரும்போது மையம் 3.6 சென்டிமீட்டர் பின்னால் நகரும். தள்ளுகிறவர் முன்தண்டை இன்னும் 40 சென்டிமீட்டர் தூக்கிப் பிடித்தால் மேலும் 5.6. மொத்தம் 9.2, மையம் அச்சைத் தாண்டிப் பின்னால் போய்விட்டது. தண்ணீரும் சாய்வில் பின்னோக்கி ஓடும். முன்தண்டு கையை உதறிக்கொண்டு மேலே எகிறும், எஞ்சின் தரையில் குத்தும், பிடித்திருந்தவர் தாடை உடையும்.

ஆகவே முதல் வேலை வடிகால் மூடியைக் கழற்றி, முன்பக்கத்தை உயர்த்தித் தண்ணீரை முழுவதும் வடிப்பது. சக்கரங்களுக்கு இரு பக்கமும் கட்டை வைத்த பிறகே இதைச் செய்ய வேண்டும். பின்பக்கம் சரிந்து விழாமல் இருக்க டிரெய்லர் சட்டத்தின் பின்முனைக்கு அடியில் முட்டுக் கொடுக்க வேண்டும்.

அடுத்தது சாமான் இறக்கம். இதில் வரிசை முக்கியம். அச்சுக்குப் பின்னால் இருப்பவற்றை முதலில் இறக்க வேண்டும். பெட்ரோல் டேங்க் அச்சுக்கு ஒரு மீட்டர் பின்னால் இருந்தது. அதை எடுத்ததும் முன்பாரம் 7 கிலோ கூடி 42 ஆனது. மற்ற சாமான்கள் அச்சுக்கு நேர்மேலே இருந்ததால் அவற்றை எடுத்ததில் முன்பாரம் மாறவில்லை. நங்கூரமும் பேட்டரியும் இந்தப் படகில் முன்மூக்கில் இருக்கின்றன. எடை குறையட்டும் என்று அவற்றையும் இறக்கினால் 35 கிலோ குறையும், ஆனால் முன்பாரத்திலும் 21 கிலோவுக்கு மேல் குறைந்துவிடும். அவை படகிலேயே இருக்கட்டும் என்று விட்டது சரியான முடிவு. நகர்த்த வேண்டிய எடை கடைசியில் 410 கிலோ.

எவ்வளவு விசை தேவை

காற்றடைத்த சிறிய சக்கரம் கான்கிரீட்டில் உருள எடையில் சுமார் 2% விசை போதும். உலர்ந்த குட்டைப் புல்லில் 5 முதல் 8%. ஈரப்புல்லில் 10%ஐத் தாண்டும். உதிரி மணலில் 20 முதல் 30%. இதோடு சாய்வின் சதவீதத்தை அப்படியே கூட்டிக்கொள்ளலாம்.

410 கிலோவுக்குக் கணக்குப் போட்டால், சமமான கான்கிரீட்டில் 8 கிலோ விசை. ஒருவரே தள்ளிவிடலாம். 2% ஏற்றமுள்ள புல்தரையில் 29-ம் 8-ம் சேர்ந்து 37. கான்கிரீட் ஏற்றத்தில் 33-ம் 8-ம் சேர்ந்து 41. பிரிட்டனின் பணியிடப் பாதுகாப்பு அமைப்பு முன்பு தந்த வழிகாட்டு அளவு, ஓர் ஆணுக்குத் தள்ளத் தொடங்கும்போது 20 கிலோ, தொடர்ந்து தள்ள 10 கிலோ; பெண்ணுக்கு 15, 7. மூன்று பேர் சேர்ந்தால் கிளப்பலாம், ஆனால் 9 மீட்டருக்கு விடாமல் 41 கிலோ கொடுப்பது அவர்கள் அளவைத் தாண்டியது. ஈரப்புல் என்றால் இன்னொன்றும் உண்டு: செருப்புக்கும் ஈரப்புல்லுக்கும் உராய்வு 0.3 என்று கொண்டால், 70 கிலோ எடையுள்ளவர் 21 கிலோவுக்கு மேல் தள்ளவே முடியாது, வழுக்கிவிடுவார். புல் காய்ந்த பிறகே வேலையைத் தொடங்க வேண்டும்.

ஆனால் முதல் முயற்சியைத் தோற்கடித்தது இந்த எண்கள் அல்ல, அந்த 30 மில்லிமீட்டர் விளிம்பு. டயரின் ஆரம் 210 மில்லிமீட்டர். இந்த ஆரமுள்ள சக்கரம் 30 மில்லிமீட்டர் படியில் ஏற, அதன்மேல் இருக்கும் எடையில் 0.6 பங்கு கிடைமட்ட விசை வேண்டும். தண்ணீரும் சாமானும் இறக்கிய பிறகுகூட, 410-ல் முன்பாரம் 42 போக, இரண்டு சக்கரத்தின் மேலும் சேர்த்து 368 கிலோ. விசை 220 கிலோ. ரப்பர் நசுங்கிக் கொடுப்பதால் கொஞ்சம் குறையும் என்றாலும் மூன்று பேரால் ஆகாது. நின்ற இடத்தில் சக்கரம் 25 மில்லிமீட்டர் மண்ணில் புதைந்திருந்ததும் இதே மாதிரி ஒரு படிதான். அதனால்தான் கிளம்பவே திணறியது. 200 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஜாக்கி சக்கரத்துக்கு இந்தப் படிகள் இன்னும் மோசம். அதன் தண்டோ பக்கவாட்டு மோதலைத் தாங்கச் செய்ததில்லை.

நகர்த்தும் முன் சரிபார்த்தவை

ஒவ்வொரு சக்கரத்தையும் ஜாக்கியில் தூக்கிக் கையால் சுழற்ற வேண்டும். கரகரவென்று ஒலித்தால் பேரிங்கில் துரு. சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது லொடலொடவென்றால் நட்டு தளர்ந்திருக்கிறது. இந்த டிரெய்லரில் இடது சக்கரம் இறுக்கமாக இருந்தது. கிரீஸ் மாற்றியதும் சரியானது. பிரேக் உள்ள டிரெய்லரை ஹேண்ட் பிரேக் போட்டு நாள்கணக்கில் நிறுத்தியிருந்தால் டிரம்மில் லைனிங் ஒட்டிக்கொண்டிருக்கும். ரப்பர் சுத்தியலால் டிரம்மைத் தட்டி விடுவிக்க வேண்டும்.

டயர் 4.80-8 அளவு, சுமைத் தரம் பி (Load Range B). இதற்கு 60 பி.எஸ்.ஐ. காற்று வேண்டும், கார் டயர் நினைப்பில் 30 அடித்து விடுபவர்கள் அதிகம். அரைக்காற்றில் உருளும் தடை கூடும். (உதிரி மணலுக்கு மட்டும் நேர்மாறு, அங்கே காற்றைக் குறைத்தால்தான் டயர் அகன்று புதையாமல் போகும்.)

எஞ்சினை முழுவதும் மேலே மடக்கி, அதன் முட்டுக்கம்பியைப் போட வேண்டும். ஏற்றத்தின் அடியில் டிரெய்லர் நுழையும்போது அச்சுக்கு 2.2 மீட்டர் பின்னால் உள்ள முனை சுமார் 18 சென்டிமீட்டர் தரையை நோக்கி இறங்கும். எஞ்சின் கீழே தொங்கினால் அதன் அடிமுனை அங்கே உரசும். படகை டிரெய்லரோடு கட்டும் வின்ச் (படகை டிரெய்லர்மேல் இழுத்து ஏற்றும் கைச்சுழல் கருவி) பட்டை, பாதுகாப்புச் சங்கிலி, பின்பட்டைகள் எல்லாம் இறுக்கமாக இருக்க வேண்டும். டிரெய்லர் சட்டென்று நிற்கும், படகு நிற்காது.

புல்தரை

18 மில்லிமீட்டர் பிளைவுட், 2440 × 1220 அளவில் ஒரு பலகை வாங்கி நீளவாக்கில் நான்காக அறுத்தால் 30 சென்டிமீட்டர் அகலத்தில் நாலு பட்டை கிடைக்கும். சக்கரத்துக்கு இரண்டு. முன்னால் போட்டு, தாண்டியதும் பின்னால் இருப்பதை எடுத்து மறுபடி முன்னால் போட்டுக்கொண்டே போகலாம். இடது, வலது பட்டைகளின் இணைப்புகள் ஒரே கோட்டில் வராமல் அரைப் பட்டை நீளம் தள்ளிப் போட வேண்டும்; அப்போது இணைப்பில் ஒரு நேரத்தில் ஒரு சக்கரம்தான் முட்டும்.

பட்டையின் 18 மில்லிமீட்டர் தடிப்பே ஒரு படி. அதில் நேராக ஏற்ற 160 கிலோ விசை கேட்கும். எனவே முதல் இரண்டு பட்டைகளின் நுனியை 180 மில்லிமீட்டர் நீளத்துக்குச் சீவிச் சரிவாக்கினார்கள். இப்போது அது 10% சரிவு. ஒவ்வொரு சக்கரமாக ஏற்றினால் கூடுதலாக 18 கிலோதான். புதைந்த சக்கரங்களுக்கு முன்னால் 40 சென்டிமீட்டர் நீளத்துக்கு மண்ணை மண்வெட்டியால் சரிவாக வெட்டி, அதில் சீவிய நுனியைச் செருகினார்கள்.

கான்கிரீட் விளிம்புக்குத் தீர்வு இதற்குள்ளேயே இருந்தது. கடைசிப் பட்டையின் நுனிக்கு அடியில் 12 மில்லிமீட்டர் தடிப்பில் மரத்துண்டு வைத்தால், 18-ம் 12-ம் சேர்ந்து 30. பட்டையின் மேல்முகம் கான்கிரீட்டோடு மட்டமாகிவிட்டது. சக்கரம் ஏற்கெனவே 18 மில்லிமீட்டர் பட்டைமேல் இருப்பதால், மீதி 12 மில்லிமீட்டர் உயரத்தை 2.4 மீட்டர் நீளத்தில் ஏறுவது 0.5% சரிவு, தள்ளுகிறவருக்குத் தெரியக்கூடத் தெரியாது. பட்டை நடுவில் தொங்காமலிருக்க அடியில் மண்ணை இட்டு நிரப்ப வேண்டும்.

வளைந்த ஜாக்கி சக்கரத்துக்குப் பதில் இரட்டைச் சக்கரக் கைவண்டி, அதாவது டிரெய்லர் டாலி. 25 சென்டிமீட்டர் காற்றுச் சக்கரம் இருப்பதையே எடுக்க வேண்டும். கெட்டி ரப்பர் சக்கரம் புல்லில் உழும். டாலியின் குண்டும் கப்ளரும் ஒரே அளவாக இருக்க வேண்டும். 50 மில்லிமீட்டர் கப்ளரில் சிறிய குண்டு போட்டால் உட்கார்ந்தது போலத் தெரியும், முதல் குலுக்கலில் கழன்றுவிடும்.

ஏற்றம்

இங்கேதான் இழுப்பதைவிட நிறுத்துவது பெரிய வேலை. 410 கிலோ டிரெய்லர் சாதாரண நடை வேகத்தில், நொடிக்கு ஒரு மீட்டர், பின்னால் உருளத் தொடங்கியது என்று வைத்துக்கொள்வோம். அதை அரை மீட்டருக்குள் நிறுத்த 42 கிலோ விசை, அதோடு சாய்வின் 33, உருளும் தடை 8 கழித்து 67 கிலோ. கால் ஊன்ற இடமில்லாத ஒருவரால் இது ஆகாது. டிரெய்லருக்குக் கீழ்ப்பக்கம் நின்று தோள் கொடுத்துத் தள்ளுவது என்ற யோசனையை அதனால் முழுவதும் கைவிட்டார்கள். இழுப்பவர் மேட்டுப் பக்கம் மட்டும்.

ஏற்றத்தின் தலையில் ஒரு தடித்த மரம். தரையிலிருந்து 30 சென்டிமீட்டர் உயரத்தில் அகலப் பட்டை சுற்றி அதில் ஒரு கப்பி. டிரெய்லரின் முன்சட்டத்தில் இரண்டாவது கப்பி. கயிறு டிரெய்லரில் தொடங்கி, மரத்துக் கப்பி வழியாகத் திரும்பி, டிரெய்லர் கப்பியில் புகுந்து, மறுபடி மேட்டுக்கு வருகிறது. மூன்று இழைகள் டிரெய்லரை இழுக்கின்றன. உராய்வு போக நடைமுறையில் இரண்டரை மடங்கு பலன்; 41 கிலோவுக்குக் கையில் 16 அல்லது 17 கிலோ. டிரெய்லர் ஒரு மீட்டர் நகர மூன்று மீட்டர் கயிறு இழுக்க வேண்டும். ஆகவே மரத்துக்கும் டிரெய்லருக்கும் உள்ள தூரத்தைப்போல் மூன்று மடங்கு நீளமும், அதற்குமேல் நாலைந்து மீட்டரும் கயிறு வேண்டும். இங்கே 11 மீட்டருக்கு 38 மீட்டர். 12 மில்லிமீட்டர் பாலியஸ்டர் கயிறு. நைலான் வேண்டாம்: அது நீண்டு கொடுக்கும், எங்காவது கழன்றால் சாட்டையாகத் திரும்பி அடிக்கும்.

கயிற்றைப் படகின் மூக்கு வளையத்திலோ டிரெய்லரின் வின்ச் தூணிலோ கட்டக் கூடாது. மூக்கு வளையத்தில் கட்டினால் இழுவை படகுக்குப் போகும், டிரெய்லருக்கு அல்ல. கேட் தூணையும் பிடிமானமாக்கக் கூடாது. செங்கல் தூண் மேலிருந்து வரும் பாரத்தைத் தாங்கக் கட்டியது, பக்கவாட்டு இழுப்புக்கு அல்ல.

வழியில் உறுதியான இரும்புக் கம்பமோ மரமோ இருந்தால் கயிற்றின் நுனியை அதில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடிக்க வேண்டும். உராய்வு 0.25 என்றால் இரண்டு சுற்று பிடியை 23 மடங்கு ஆக்கும். இழுப்பவர் களைத்தால் ஒரு விரலால் பிடித்து நிற்கலாம். இறக்கத்தில் இறக்குவதற்கும் இதே முறைதான், கப்பிகூடத் தேவையில்லை. கயிற்றை ஒருபோதும் கையிலோ இடுப்பிலோ சுற்றிக்கொள்ளக் கூடாது.

கயிற்றை மட்டும் நம்பவும் இல்லை. 10 சென்டிமீட்டர் உயரச் சக்கரக் கட்டை இரண்டு, டயர் விட்டத்தில் கால்பங்கு. ஒவ்வொன்றையும் கயிற்றால் அச்சில் கட்டி, டயருக்கு 5 சென்டிமீட்டர் பின்னால் தரையில் இழுபட்டு வரும்படி விட்டார்கள். டிரெய்லர் பின்னால் உருண்டால் அந்த 5 சென்டிமீட்டரிலேயே கட்டையில் உட்கார்ந்துவிடும். வேகமெடுக்க நேரமே இல்லை. ஒருவர் பக்கவாட்டில் நடந்து கட்டை திரும்பிவிடாமல் நீளக் குச்சியால் சரிசெய்துகொண்டே வந்தார். கையை டயருக்கும் கட்டைக்கும் நடுவில் விடுவதில்லை.

மூன்று பேரின் வேலை: ஒருவர் கயிறு, ஒருவர் டாலியின் கைப்பிடியில் திசை, ஒருவர் கட்டை. "இழு" என்று சொல்வது கட்டைக்காரர் மட்டும். "நில்" என்று யாரும் சொல்லலாம். டாலிக்காரர் கைப்பிடிக்கு நேர் எதிரே நிற்காமல் பக்கத்தில் நிற்க வேண்டும். சின்னக் கல் தட்டினாலும் கைப்பிடி விலாவில் அடிக்கும்.

திருப்பமும் கேட்டும்

மேலே சமதளம் வந்ததும் வேலை பாதி லேசாகிறது. ஒற்றை அச்சு டிரெய்லரின் நல்ல குணம் நின்ற இடத்திலேயே திரும்புவது. உள்பக்கச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, முன்தண்டைச் சுற்றி நடந்தால் டிரெய்லர் அந்தச் சக்கரத்தை மையமாக வைத்துச் சுழலும். கப்ளர் 3.3 மீட்டர் ஆரத்தில் சுற்றும், பின்மூலை 2.8 மீட்டர் ஆரத்தில் வெளியே வீசும். சுவரில் இடிப்பது எப்போதும் இந்தப் பின்மூலைதான், ஏனென்றால் எல்லோரும் முன்னால் பார்க்கிறார்கள். முன்கூட்டியே சாக்பீஸால் இரண்டு வட்டத்தையும் தரையில் வரைந்து பார்த்தார்கள். மையச் சக்கரம் கான்கிரீட்டில் தேய்ந்து அடம்பிடித்தால், நடுவில் கிரீஸ் தடவிய இரண்டு தகடுகளை அதன் அடியில் வைத்தால் வழுக்கித் திரும்பும்.

அதற்கும் இடம் இல்லையென்றால் ஒவ்வொரு சக்கரத்துக்கு அடியிலும் நாலு உருளைச் சக்கரம் வைத்த தட்டு வைத்து, டிரெய்லரை எந்தப் பக்கமும் தள்ளலாம். கேட்க நன்றாக இருக்கும், ஆனால் தளம் தண்ணீர்மட்டத்துக்குச் சமமாக இருந்தால் மட்டும். லேசான சாய்வுகூடப் போதும், அது தன் இஷ்டத்துக்குப் போகத் தொடங்க.

மற்ற வழிகள் ஏன் வேண்டாம் என்று முடிவானது

பேட்டரி டாலியை வாடகைக்கு எடுக்கலாமா என்று யோசித்தார்கள். விளம்பரத்தில் எத்தனை டன் இழுக்கும் என்று போட்டிருக்கும். அது தீர்மானிக்கும் எண் அல்ல. டாலியின் பிடி அதன் சொந்த எடையும் முன்பாரமும் சேர்ந்ததைப் பொறுத்தது. 45 கிலோ டாலி, 42 கிலோ முன்பாரம், உலர்ந்த கான்கிரீட்டில் உராய்வு 0.6 என்றால் 52 கிலோ இழுவிசை. ஏற்றத்துக்குத் தேவை 41, அதோடு டாலியின் சொந்த எடையை ஏற்ற இன்னும் சுமார் 4. மிச்சம் மிகக் குறைவு. ஏற்றத்தில் முன்பாரமும் குறையும். ஈரப்புல்லில் 26 கிலோதான் கிடைக்கும், சக்கரம் நின்ற இடத்தில் சுழன்று குழி தோண்டும். சமதள முற்றம் உள்ளவர்களுக்கு அது அருமையான கருவி. இந்த வழிக்கு அல்ல.

கை ராட்செட் இழுவையில் கம்பி நீளம் 2, 3 மீட்டர்தான். ஒவ்வொரு முறையும் கழற்றி மாட்ட வேண்டும். ஒவ்வொரு மாற்றத்திலும் டிரெய்லர் கட்டையை மட்டுமே நம்பி ஏற்றத்தில் நிற்கும். மணலில் புதைந்த டிரெய்லரை ஒரு மீட்டர் வெளியே எடுக்க அதைவிடச் சிறந்தது கிடையாது. புல்வெட்டும் டிராக்டரைப் பொறுத்தவரை, ஏறும்போது இழுத்துவிடும். இறங்கும்போது அதன் பிரேக்குக்கு 410 கிலோ அதிகம், பின்னாலிருந்து டிரெய்லர் தள்ளி அதைக் குறுக்கே மடக்கிவிடும்.

நிறுத்திய பிறகு

கேட்டுக்கு வெளியே சக்கரங்களுக்கு அடியில் அதே பிளைவுட் பட்டைகள், இரு பக்கமும் கட்டை. டாலியை எடுக்கும் முன் புதிய ஜாக்கி சக்கரத்தை மாட்டினார்கள். தண்டு 48 மில்லிமீட்டர், கிளாம்பும் அதே அளவு. 42 மில்லிமீட்டர் தண்டை 48 கிளாம்பில் இறுக்கினால் பிடித்தது போலத்தான் இருக்கும், மெதுவாகச் சறுக்கி இறங்கிவிடும். கப்ளர் பின்முனையைவிட ஒரு சாண் உயரமாக நிற்கட்டும், வடிகால் மூடி கழன்றே இருக்கட்டும். மழை பெய்தால் தண்ணீர் தானாகப் போய்விடும். கழற்றிய மூடியை வின்ச் கைப்பிடியில் கட்டித் தொங்கவிட்டார்கள், படகைத் தண்ணீரில் இறக்க வருகிறவர் கை முதலில் போகும் இடம் அது.